துப்பறியும் புனைவும் எகிப்தியத் தொன்மையும்: வடுவூராரின் சான்று நெறி

தமிழ்த் துப்பறியும் நாவலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தோருள் ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோரோடு வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரும் (1880–1942) குறிப்பிடத்தக்கவர். அவர் படைத்த திகம்பர சாமியார் மாறுவேடத்தாலும் மதிநுட்பத்தாலும் குற்றங்களை வெளிப்படுத்தும் பாத்திரம், 1950இல் எம்.என். நம்பியாரின் நடிப்பில் அது திரைக்கும் வந்தது. இதே ஆசிரியர் எகிப்தின் தொன்மை குறித்து ‘லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ்’ என்னும் ஆங்கில நூலையும் எழுதினார்.

எகிப்தை ஆண்ட பரோக்கள் ஐயங்கார் மரபினரே என நிறுவ இந்நூல் முயன்றது. இதனை நகைத்து ஒதுக்குதல் எளிது; அவ்வாறே ஒதுக்கவும் பெற்றது. எனினும், தடயம் தேடுவதையே தொழிலாகக் கொண்ட எழுத்தாளர் இம்முடிவை எவ்வாறு அடைந்தார் என்பது ஆராயத்தக்கது.

கொலைக் கதையில் துப்பறிவாளர் ஐயத்திற்குரியோரை ஒவ்வொருவராக விலக்கி, இறுதியில் எஞ்சுபவரை அடைகிறார். நாவலாசிரியரின் பணியோ இதற்கு நேர்மாறானது. கொலையாளி யார் என்பதை அவர் முன்னரே அறிவார். அம்முடிவிற்குப் பொருந்தும் தடயங்களைப் பின்னரே கதைநெடுகப் பரப்புகிறார். புனைவில் இது குற்றமன்று, கலை. வரலாற்றாய்விற்குள் புகுந்த வடுவூராரிடம் செயற்பட்டது சாமியாரின் நெறியன்று, சாமியாரைப் படைத்தவரின் நெறியே. முடிவு முன்னின்றது, சான்று பின்தொடர்ந்தது. பெயரொலி ஒற்றுமையைக் கொண்டே இனத் தொடர்பை நாட்டிய அக்காலத்து நூல்கள் பலவற்றிற்கும் இக்கூற்று பொருந்தும்.

எகிப்திற்கும் தமிழகத்திற்குமிடையே உறுதியான தொடர்பைக் காட்டும் தடயம் துறைமுகத்தில் கிடைத்தது. செங்கடற்கரையிலுள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ஒன்றில் ‘பானை ஒறி’ என ஐராவதம் மகாதேவன் படித்தார். ‘ஒறி’ என்பது இன்றைய ‘உறி’. கயிற்றில் தொங்கவிடப்பட்ட பானை என்பது பொருள். எழுத்து, மொழி, மண்பாண்டத்தின் இந்தியச் செய்முறை ஆகிய மூன்றும் தனித்தனியே ஒரே திசையைச் சுட்டுகின்றன. சாடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் அதே சொற்களே பொறிக்கப்பட்டுள்ளன. அதில் அரசர் பெயரில்லை, குலப்பெயருமில்லை.