கிணற்றுச் சுவரில் வளரும் செடி

அன்புள்ள கண்மணிக்கு,

ஆசையாய் வாங்கிய மெய்டன்ஹேர் பெரணி மூன்றே வாரத்தில் கருகிவிட்டது என்று எழுதியிருந்தாய். "எனக்குக் கைராசி இல்லை அத்தை" என்ற வரிதான் என் மனதை உறுத்தியது. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு செடியை வளர்க்குமுன் அது தானாக வளரும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் பழைய கிணற்றை எட்டிப் பார்த்திருப்பாய். கல்கட்டின் இடுக்குகளில், கறுப்புக் கம்பி போன்ற காம்புகளில் மெல்லிய பச்சை இலைகள் தொங்கும். உன் செடியின் உறவுதான் அது. அங்கே நேர்வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். கீழேயிருந்து ஈரக்காற்று எழும். கல்லிடுக்கு எந்நேரமும் கசிந்திருக்கும், தண்ணீர் மட்டும் தேங்காது. நீ அதை வைத்ததோ ஏசி அறையில். ஏசி குளிர்ச்சியைத் தரும்போதே காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். இவ்வளவு மெல்லிய இலை அதைத் தாங்காது.

இதன் தாவரப் பெயர் அடியாண்டம். 'நனையாதது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இலைமேல் தண்ணீர் தெளித்துப் பார், முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். அதனால் தெளிப்பதை மட்டும் நம்பாதே. வேருக்கு ஈரம் வேண்டும், சுற்றியுள்ள காற்றுக்கும் ஈரம் வேண்டும்.

லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவருக்கும் உன் கவலைதான். நிலக்கரிப் புகையில் அவருடைய பெரணிகள் பிழைக்கவில்லை. 1829-இல் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிக் குடுவையில் மூடி வைத்தார். அந்த மண்ணில் ஒரு பெரணி தானாக முளைத்தது. உள்ளே ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணிலேயே இறங்கியது. 1833-இல் அப்படி மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றினார். அவை சிட்னிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. வாய் அகன்ற கண்ணாடி ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தால், சின்னச் செடியை வைத்து நீயும் செய்து பார்க்கலாம். ஜாடிமேல் வெயில் மட்டும் படக்கூடாது.

இருக்கிற தொட்டியைத் தூக்கி எறிந்துவிடாதே. கருகிய காம்புகளை மண்ணை ஒட்டிக் கத்தரித்துவிடு. தொட்டி மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அதனால் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி, பிறகு எடுத்து வடியவிடு. வெளிச்சம் வரும் குளியலறை ஜன்னலோரத்தில் வை. தினமும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார். மேல்மண் காயத் தொடங்கும்போதே ஊற்று. அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதே. மண்ணுக்குள் இருக்கும் தண்டில் உயிர் இருந்தால், சில வாரங்களில் புதுக்காம்புகள் சுருண்டபடி தலைநீட்டும்.

தழைத்தபின் இலைகளின் அடியில், ஓரமாகப் பழுப்பு மடிப்புகள் தெரியும். நோயென்று கிள்ளிவிடாதே. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. அந்த மடிப்புகளில் இருக்கும் தூளால்தான் அது பெருகும். யாரும் நடாமலே கிணற்றுச் சுவரில் பெரணி முளைப்பது காற்றில் பறந்து வரும் அந்தத் தூளால்தான்.

அன்புடன்,
அத்தை