காம்போசிட் பல் அடைப்பில் சுருக்க விசையைக் கையாளும் முறை

சிவகாசி அச்சகங்களில் காலண்டர், லேபிள் தாள்களின் மேல் பூசப்படும் யூவி வார்னிஷ், புறஊதா விளக்கின் கீழ் நொடிப்பொழுதில் கெட்டிப்படும்போது சுருங்குவதால், மெல்லிய தாளாயின் அது வார்னிஷ் பூசிய பக்கமாகவே சுருண்டுவிடுகிறது. அந்த வார்னிஷின் அக்ரிலேட் பிசினுக்கு நெருங்கிய உறவான மெத்தக்ரிலேட் பிசினே, கண்ணாடித் துகள்களோடு கலந்து, காம்போசிட் என்ற பெயரில் சொத்தைப் பல்லை அடைக்கப் பயன்படுகிறது. தாள் சுருண்டு இழுவையைத் தணித்துக்கொள்கிறது. பல்லால் அவ்வாறு இயலாது.

ஒளி பட்டதும் பிசினின் சிறு மூலக்கூறுகள் வேதிப்பிணைப்பால் இணைந்து வலையாவதே பலபடியாதல் எனப்படும். அப்போது அவற்றுக்கிடையிலான தொலைவு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால், வழக்கமான காம்போசிட்டின் பருமன் 2 முதல் 3 விழுக்காடு வரையும், துகள் குறைந்த ஃப்ளோவபிள் வகையில் அதைவிடக் கூடுதலாகவும் சுருங்குகிறது. பசை இளகியிருக்கும் வரை இழுவை தெரிவதில்லை. அது இறுகிய பின்னும் தொடரும் சுருக்கமே பற்சுவரை உள்நோக்கி இழுத்து, விளிம்பில் இடைவெளியையும் எனாமலில் விரிசலையும் உண்டாக்குகிறது.

ஆகவே முதலில் குழியின் வடிவத்தைக் கணிக்க வேண்டும். பிசின் ஒட்டும் பரப்பை ஒட்டாத பரப்பால் வகுத்துக் கிடைக்கும் எண், 1987இல் ஃபைல்சரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் விளக்கிய சி-காரணி ஆகும். கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் தோண்டிய பெட்டி வடிவக் குழியில் ஐந்து பக்கம் ஒட்டி, ஒரு பக்கமே திறந்திருப்பதால் அது 5 வரை உயர்கிறது; இக்குழிகளுக்கே கூடுதல் கவனம் தேவை.

அடுத்து ரப்பர் டேம் கட்டி எச்சிலைத் தடுத்து, 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 15 முதல் 30 நொடியும், டென்டினில் 15 நொடிக்கு மிகாமலும் வைத்துக் கழுவி, டென்டினை முற்றிலும் உலர்த்தாமல் ஈரப்பதத்தோடு விட்டு, பாண்டிங் திரவத்தைத் தேய்த்து ஒளியூட்ட வேண்டும். ஆழமான குழியின் அடியில் ரெசின் கலந்த கிளாஸ் அயனோமரை மெல்லிய படலமாக இடுவது, விறைப்புக் குறைந்த அப்படலம் இழுவையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வதால் பயனளிக்கும்.

பின்னர் காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மிகாத சாய்வு அடுக்குகளாக, ஓர் அடுக்கு எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டையும் ஒருசேரத் தொடாதபடி வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். இம்முறை இழுவையைக் குறைக்கிறது என்று பாடநூல்கள் கூறினும், 1996இல் வெர்ஸ்லூயிஸ் குழுவின் கணினிக் கணக்கீடு அதை மறுத்து, அடுக்கடுக்காக அடைப்பது பல்லின் உருமாற்றத்தை மிகுவிக்கக்கூடும் எனக் காட்டியது. எனினும் அடுக்கு முறையைக் கைவிடத் தேவையில்லை. ஒளி அடிவரை எட்டுவதே அதன் மறுக்கவியலாத பயன். 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் இடத்தக்க பல்க்-ஃபில் வகைக்கு இக்கட்டுப்பாடு தளர்கிறது.

பெரும்பாலான பிழைகள் விளக்கிலேயே நேர்கின்றன. காம்ஃபர்குயினோன் என்னும் ஒளித்தூண்டி 468 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியையே மிகுதியாக ஏற்பதால், விளக்கின் முனையை அடைப்புக்கு நேராகவும் நெருக்கமாகவும் ஆரஞ்சுத் தடுப்பின் வழியே பார்த்தபடி பிடித்து, அதன் வலிமையை ரேடியோமீட்டரால் அவ்வப்போது அளக்க வேண்டும். இழுவையைக் குறைக்கும் எண்ணத்தில் ஒளியூட்டும் நேரத்தைச் சுருக்குவது தவறு: சுருக்கம் குறையும், ஆனால் வேகாத பிசின் அடியில் தங்கி அடைப்பு வலுவிழக்கும். விருதுநகர்க் கோடையில் சிரிஞ்சைக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லதே. எனினும் குளிர்ந்த பசை குறைவாகவே இறுகுமாதலால், பயன்படுத்துமுன் அதை அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இறுதி அடுக்கின் மேல் கிளிசரின் ஜெல் தடவி மீண்டும் ஒளியூட்டினால், காற்றின் ஆக்சிஜனால் இறுகாமல் நிற்கும் மேற்படலமும் கெட்டிப்படும். மெருகேற்றும்போது விளிம்பில் வெண்கோடு தென்பட்டால் எனாமல் விரிந்திருக்கக்கூடும் என்று கருதி, அவ்விடத்தைப் பாண்டிங் திரவத்தால் அடைக்கலாம். கடிக்கும்போது வலி நீடித்தால் முதலில் உயரமான இடத்தைத் தேய்த்துச் சரிபார்த்து, அதன் பின்னும் தீராதபோது அடைப்பை அகற்றி, அடிப்படலத்தோடு மீண்டும் இடுவதே தக்கது.