காரோடு கடல் கடக்க

கேள்வி: நாகப்பட்டினம் கப்பலில் என் காரை ஏற்றி யாழ்ப்பாணம் போய்ச் சுற்றி வரலாமா? (வாசகர், வலங்கைமான்)

பதில்: நீங்கள் போகலாம், கார் போகாது. 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை கப்பல் பயணிகளுக்கு மட்டும்தான். கார் கன்டெய்னரில் ஏறிக் கொழும்பில்தான் இறங்கவேண்டும். பட்டாசு ஊரான வலங்கைமான்காரருக்குத் தீ ஆபத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை: டேங்கில் பெட்ரோல் அடியில் கொஞ்சம்தான் இருக்கலாம், பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும்.

முதலில் 'கார்னே' புத்தகம் வாங்குங்கள். வண்டியை அங்கே விற்காமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கான சுங்க உத்தரவாதம் அது. மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது, ஓராண்டு செல்லும். டெபாசிட்தான் கையைக் கடிக்கும். திரும்பும்போது கொழும்பு சுங்கத்தில் வெளியேற்ற முத்திரை விழுந்ததா என்று அங்கேயே புரட்டிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் வரி உங்கள் தலையில் விழும். ஒரு வாரப் பயணம் என்றால் அங்கேயே வாடகைக் கார் எடுப்பதே லாபம்.