கிட்டாரைத் தொடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். ஜோசப் ஸ்பென்ஸ் வாசித்த 'கமிங் இன் ஆன் எ விங் அண்ட் எ பிரேயர்'. ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. யாரோ எழுதிவைத்த டேப்பை, அதாவது கம்பியையும் ஃப்ரெட்டையும் காட்டும் கிட்டார் குறிப்பைப், பார்த்து வரி வரியாகப் பயின்றிருக்கிறாய் என்பதும் கேட்டதுமே தெரிந்தது. உழைப்பில் குறையில்லை. ஆனால் அதில் ஸ்பென்ஸைக் காணோம்.

உன் வயதில் ஸ்பென்ஸைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. ஃபிங்கர்ஸ்டைல் என்றால் டாமி இமானுவேல்; பின்னோக்கிப் போனால் செட் அட்கின்ஸ், மெர்ல் டிராவிஸ்; அத்தோடு நின்றுவிடுவார்கள். நீ கிட்டார்காரர் ரை கூடர் வழியாக வந்ததாக எழுதியிருந்தாய். நல்ல வழிதான். 1972-இல் வந்த 'இன்டு தி பர்ப்பிள் வேலி', 1978-இல் வந்த 'ஜாஸ்' என்ற அவருடைய ஆல்பங்கள் இரண்டிலுமே ஸ்பென்ஸின் உருப்படிகள் இருக்கின்றன. ஆனால் கூடர் கை பட்டால் எதுவும் சீராகிவிடும். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. கரடுமுரடு போய்விடுகிறது, அவ்வளவுதான். அதனால் கூடரோடு நின்றுவிடாதே.

ஸ்பென்ஸ் 1910-இல் பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் பிறந்தவர். இளமையில் கடற்பஞ்சு எடுக்கும் படகுகளில் வேலை பார்த்தார். 1938-39-இல் பஞ்சுகளுக்கு நோய் விழுந்து அந்தப் பிழைப்பே அழிந்தது. பிறகு அமெரிக்காவின் தென்பகுதியில் வயல் கூலி, அதன்பின் பஹாமாஸின் நாசோ நகரில் கொத்து வேலை. 1958-இல் நாட்டார் இசை சேகரிக்க ஆண்ட்ரோஸுக்குப் போன சாமுவேல் சார்ட்டர்ஸ், வீடு கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்காகச் செங்கல் குவியலில் உட்கார்ந்து இவர் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம்.

இந்தச் சம்பவத்தை எல்லோரும் விரல் வித்தைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அது காதைப் பற்றிய செய்தியாகப் படுகிறது. பஞ்சுப் படகுகளில் வாரக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள் பாடிய பக்திப் பாட்டுக்கு 'ரைமிங்' என்று பெயர். ஒருவர் கதையைத் தன் போக்கில் கட்டிப் பாடிக்கொண்டே போவார். கீழே ஒரு கனத்த குரல் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கும். மேலே இன்னொரு குரல் மெலிதாக ஏறி நிற்கும். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, ஆனாலும் தாளம் குலைவதில்லை. ஸ்பென்ஸ் வளர்ந்தது இந்தச் சத்தத்துக்குள். படகுகள் போனபிறகு அத்தனை குரல்களையும் ஆறு கம்பியில் ஏற்றி அவர் தனியாளாகப் பாடினார் என்றே நினைக்கிறேன்.

ஆகவே டேப்பை மூடி வை. 1965-இல் பீட்டர் சீகலும் ஜோடி ஸ்டெக்கரும் பதிவுசெய்து மறு ஆண்டு வெளிவந்த 'தி ரியல் பஹாமாஸ்' தொகுப்பைத் தேடி எடு. ஸ்பென்ஸின் சகோதரி குடும்பமான பிண்டர்கள் அதில் அவரோடு பாடுகிறார்கள். கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு முணுமுணு. அது தானாக வாயில் வந்தபிறகு மேல்குரலுக்குப் போ. அதுவரை கிட்டார் உறையிலேயே இருக்கட்டும்.

ட்யூனிங்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் வாசித்தது டிராப் டி. ஆறாவது கம்பியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி, பெரும்பாலும் டி-யிலேயே வாசிப்பார். டி-யை ஸட்ஜமாக வைத்துப் பார், கீழ் மூன்று கம்பிகளும் ச-ப-ச என்று நிற்கும். நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. ஒரே சங்கடம், கீழே ஜி வேண்டுமென்றால் மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் பதில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். பழகிய கார்டு வடிவங்கள் உடையும். உடையட்டும். மெட்டை அவர் அடிக்கடி இரட்டை ஸ்வரமாக வாசிப்பார்: கீழே காந்தாரம், மேலே ஸட்ஜம்; கீழே மத்யமம், மேலே ரிஷபம்; கீழே பஞ்சமம், மேலே காந்தாரம். ஒவ்வொரு ஜோடியும் நடுவில் ஒரு கம்பியை விட்டு இரண்டு கம்பிகளில் விழும். இந்த ஏணியில் ஏறி இறங்கப் பழகினால் பாதி ஸ்பென்ஸ் விரலுக்கு வந்துவிடுவார்.

மீதிப் பாதி கட்டைவிரல். உன் பதிவில் அது மெட்ரோனோம் மாதிரி டிக், டிக் என்று ஓடுகிறது. டிராவிஸுக்கு அது பொருந்தும். ஸ்பென்ஸுக்குத் தாளம் காலில் இருக்கிறது. பதிவிலேயே தரை தட்டும் சத்தம் கேட்கும். கால் தாளத்தைப் பார்த்துக்கொள்வதால் கட்டைவிரல் அந்தக் கனத்த குரல்காரரைப்போல முந்தும், பிந்தும், சமயத்தில் ஒரு அடி வாயை மூடிக்கொண்டு இருக்கும். அந்த இடைவெளிகளைத்தான் டேப் எழுதியவர் நிரப்பித் தொலைத்திருக்கிறார்.

அப்புறம், வாசித்துக்கொண்டே ஸ்பென்ஸ் எழுப்பும் உறுமல். அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நகல் செய்கிறவர்கள் உண்டு, சகிக்காது. வார்த்தையை விழுங்கி, சிரித்து, முனகி அவர் எழுப்பும் சத்தம் கம்பி விட்ட குரலை நிரப்புகிறது. கவனித்துக் கேள், கிட்டார் மேலே போகும்போது தொண்டை பெரும்பாலும் கீழே இருக்கும். உனக்கு உன் தொண்டை போதும்.

நீ எடுத்த பாட்டு 1943-இல் வந்த யுத்தகாலச் சினிமாத்தனமான பாட்டு. அடிபட்ட குண்டுவீச்சு விமானம் ஒன்று தட்டுத்தடுமாறித் தளம் திரும்புகிற கதை. அதைக் கடலோடிகளின் ஜெபமாக ஆக்கிவிட்டார் மனிதர். கதை தெரியாமல் வாசித்தால் வெறும் துள்ளலாகப் போகும், உனக்குப் போயிருக்கிறது.

அவசரப்படாதே. ஒரே பாட்டை அவர் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு விதமாக வாசித்த பதிவுகள் இருக்கின்றன. 1965-இல் எடுத்தவற்றில் ஒரு பகுதி 2021-இல்தான் 'என்கோர்' என்று வெளிவந்தது. ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்டால் எது பாட்டு, எது அன்றைய மனநிலை என்பது புரியும்.

அடுத்த முறை அனுப்பும்போது கிட்டார் வேண்டாம். காலால் தட்டிக்கொண்டு கீழ்க்குரலை மட்டும் பாடி, இரண்டு நிமிடம் ஃபோனில் பதிவுசெய்து அனுப்பு. கேட்டுவிட்டு மேலே சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்