ஒரு நோயாளியா, ஓர் ஊரா?
பொதுச் சுகாதாரப் பட்டப்பின் படிப்பு: ஓர் அறிமுகம்

கடந்த வருடம் மழை தொடங்கிய கையோடு என் தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தான். ஒவ்வொரு நாளும் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கி, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையை வாப்பா பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ், அவன் குணமாகி வீடு வந்து சேர்ந்தான்.

ஆனால் அதே வாரத்தில் பாமன்கடையில் எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. எல்லோரும் கால்வாயைத்தான் திட்டினோம். "அந்த நாற்றத் தண்ணிதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று உம்மும்மா அடித்துச் சொன்னார். சில நாட்களில் பொதுச் சுகாதார பரிசோதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கால்வாய்ப் பக்கம் போகவே இல்லை. நேராகச் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டை வெளியே இழுத்தார். அதில் தேங்கியிருந்த தெளிந்த தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. உம்மா வாயடைத்துப் போனார். தம்பியைக் கடித்த நுளம்பை நாங்களே வளர்த்திருக்கலாம் என்ற எண்ணம் அன்றிரவு எங்கள் யாரையும் தூங்கவிடவில்லை.

தம்பியை வைத்தியர் காப்பாற்றினார். எங்கள் ஒழுங்கையைக் காப்பாற்றுவது யார்? இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

"டொக்டருக்கு இன்னும் என்ன படிப்பு?"

என் பெரியம்மாவின் மகள் ஒரு வைத்தியர். நான் அவரைத் தாத்தா என்றுதான் அழைப்பேன். அவர் இப்போது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறார். எங்கள் குடும்பத்தில் இது பலருக்கு மனக்குறை. இதய நிபுணராகவோ மகப்பேற்று நிபுணராகவோ வராமல், நோயாளியைத் தொட்டுப் பார்க்காத ஒரு படிப்புக்கு ஏன் போனார் என்று பெருநாள் வீட்டில் கூடப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

"தாத்தா, நீங்க டொக்டர்தானே, இன்னும் என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வார்டில இருக்கும்போது, இந்தப் பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் என்று கேட்டேன். இப்ப, இந்த ஒழுங்கையில ஏன் நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று கேட்கப் படிக்கிறேன்" என்றார்.

உலகெங்கும் பொதுச் சுகாதார முதுமாணிப் படிப்பில் அடிப்படையாகக் கற்பிக்கப்படுபவை ஐந்து துறைகள்: புள்ளிவிபரவியல், தொற்றுநோயியல், சுற்றாடல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் முகாமைத்துவமும், மனிதரின் நடத்தையும் சமூகமும். தாத்தா எனக்கு விளங்கப்படுத்திய வரிசையிலேயே அவற்றை இங்கே தருகிறேன்.

1. எண்ணக் கற்றல்

எண்ணுவது எளிது என்று நினைக்கிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரில் 60 பேருக்கு டெங்கு. இன்னோர் ஊரில் 40 பேருக்கு. எந்த ஊருக்கு முதலில் உதவி போக வேண்டும்? நான் உடனே "60" என்றேன். தாத்தா சிரித்தார். முதலாவது ஊரில் 30,000 பேர் வாழ்கிறார்கள் என்றால், ஆயிரம் பேருக்கு 2 பேர் நோயாளிகள். இரண்டாவது ஊரில் 8,000 பேர் மட்டுமே என்றால், ஆயிரம் பேருக்கு 5 பேர். ஆபத்து அதிகம் உள்ளது இரண்டாவது ஊரில்தான். மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துக் கீழே உள்ள எண்ணை மறந்துவிட்டால் உதவி தவறான ஊருக்குப் போய்விடும்.

இன்னொரு கணக்கு. 10,000 பேரில் 100 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. நோயில்லாத நூறு பேரில் 5 பேருக்கு மட்டும் அது தவறாக 'உண்டு' என்று காட்டும். நல்ல பரிசோதனைதானே? எல்லோரையும் பரிசோதித்தால், நோயுள்ள 90 பேருக்கு 'உண்டு' என்று வரும். நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் 'உண்டு' என்றே வரும். மொத்தம் 585 பேர். அவர்களில் உண்மையாகவே நோயுள்ளவர் ஆறில் ஒருவர் கூட இல்லை! ஒரு பரிசோதனை முடிவைக் கண்டு பதறுவதற்கு முன் இரண்டாம் பரிசோதனை ஏன் தேவை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

2. காரணத்தைத் தேடல்

1854ஆம் ஆண்டு இலண்டனில் சோஹோ பகுதியில் கொலரா பரவி ஏறத்தாழ 600 பேர் இறந்தனர். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்றே அக்காலத்தில் பெரும்பாலோர் நம்பினர். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடு வீடாக விசாரித்து, மரணங்களை வரைபடத்தில் குறித்தார். அவை புரோட் வீதியிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. அருகிலிருந்த மதுபான ஆலையின் தொழிலாளர் அந்தப் பம்பின் தண்ணீரைக் குடிக்காததால் தப்பியதும் தெரியவந்தது. அவரது வேண்டுகோளின்படி பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. கொள்ளைநோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்னோ மறைக்கவில்லை. தன் கட்சிக்குப் பாதகமான உண்மையையும் சொல்வதுதான் இப்படிப்பின் ஒழுக்கம்.

கொலராக் கிருமி என்னவென்று உலகம் ஏற்றுக்கொள்ள அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. கிருமியைக் காணாமலே காரணத்தைக் காண முடியும் என்பதே இதன் பாடம்.

எங்கள் ஒழுங்கைக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். நாற்றமடிக்கும் கால்வாய் கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளி. ஆனால் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு வீட்டைச் சுற்றிப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த நீரையே பெரிதும் நாடும். கால்வாய் அழுக்காக இருப்பதும் உண்மை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததும் உண்மை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

3. சூழலை அறிதல்

1934ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தபோது நம் நாட்டின் ஆறுகள் வற்றிச் சிறு குட்டைகளாயின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பெய்தால்தான் நுளம்பு என்று நினைக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கும். எந்த நுளம்பு, எந்த நீர் என்று அறியாமல் போரிட முடியாது.

அதற்கு முன்பே, 1926இல், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டிருந்தது. ஒரு பிரதேசத்தின் மக்கள் அனைவருக்கும் பொறுப்பாக ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், வீடு தேடி வரும் குடும்ப நல உத்தியோகத்தர்கள் என்ற அந்த ஏற்பாடு பின்னர் நாடெங்கும் பரவியது. என் உம்மாவின் கர்ப்பகால அட்டையை நிரப்பியதும், என் தடுப்பூசிகளை அட்டையில் குறித்ததும் அந்த வலைப்பின்னல்தான்.

மலேரியாக் கதை ஒரு எச்சரிக்கையும் தருகிறது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் மட்டுமே இருந்தனர். வென்றுவிட்டோம் என்று கைகள் தளர்ந்தன. 1960களின் இறுதியில் இலட்சக்கணக்கானோருக்கு நோய் திரும்பி வந்தது. மீண்டும் பல்லாண்டுகள் போராடி, 2012க்குப் பின் உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றாத நிலையை அடைந்து, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனத்திடமிருந்து பெற்றோம். அதே ஆண்டின் இறுதியில், நகரங்களில் பெருகக்கூடிய புதிய வகை மலேரியா நுளம்பொன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே காவல் இன்னும் தொடர்கிறது.

4. கொள்கை வகுத்தல்

எங்கள் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் மென்பானப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சீனியின் அளவைக் காட்டும் இந்த நிறக் குறியீடு 2016இல் இங்கே அறிமுகமானது. நீரிழிவு வந்த ஒருவருக்கு மருந்து எழுதுவது ஒரு வேலை. இலட்சம் பேர் போத்தலைத் திறக்கும் முன் ஒரு விநாடி யோசிக்கவைப்பது வேறொரு வேலை. எந்த விதியைக் கொண்டுவருவது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், அது பலன் தந்ததா என்று எப்படி அளப்பது என்பவையெல்லாம் இந்தப் பகுதியில் வருகின்றன.

5. மனங்களை வெல்லல்

இறுதியாகச் சொல்லப்போவதுதான் எனக்கு மிக நெருக்கமானது.

2021 ஜனவரியில் நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். உம்மும்மாவுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. நான்கு நாட்கள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. போர்வைக்குள் இருமலை அடக்கிக்கொண்டார். கொவிட் என்று தெரிந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு போவார்கள், அங்கே மௌத்தானால் ஜனாஸாவை எரித்துவிடுவார்கள் என்பதே அவரது பயம். மரணத்துக்கு அவர் அஞ்சவில்லை. கபனும் கப்றும் இல்லாமல் போவதற்கே அஞ்சினார். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். ஆனால் அந்த நான்கு நாட்களும் நாங்கள் எல்லோரும் அவரது கட்டிலைச் சுற்றித்தான் இருந்தோம்.

கொவிட்டால் இறந்தோரை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. நிலத்தடி நீர் மாசடையும் என்ற அச்சத்தின் பேரில் இங்கே 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அவ்விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இதைப் பழைய புண்ணைக் கிளற எழுதவில்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சான்று இல்லாத பயம் ஒரு விதியானால் மக்கள் நோயை ஒளிப்பார்கள். ஒளித்த நோய்தான் கூடப் பரவும். எங்களுக்கு நம்பிக்கையும் ஒரு மருந்து."

எங்கள் மார்க்கத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரழி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃ என்ற இடத்தில் கேள்விப்பட்டார்கள். தனித்து முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களையும், அன்ஸாரிகளையும், குறைஷி மூத்தவர்களையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கே இருப்பவர் அதிலிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் அறிவித்தபோது, தம் முடிவு அதனோடு பொருந்தியது கண்டு அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். ஆலோசனையும் அறிவும் சேர்ந்த முடிவை மக்கள் ஏற்பார்கள்.

நாம் செய்யக்கூடியது

அன்புத் தோழியரே, இந்தப் படிப்பு வைத்தியர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். பல நாடுகளில் தாதியரும், புள்ளிவிபரவியலாளரும், பொறியியலாளரும், சட்டத்தரணிகளும் பொதுச் சுகாதார முதுமாணி கற்கின்றனர். இங்கேயே ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டில் இளமாணிப் பட்டம் உண்டு. கணிதப் பிரிவிலும் கலைப் பிரிவிலும் இருக்கும் மாணவிகளுக்கும் இத்துறையில் வேலை இருக்கிறது. பெற்றோரே, உங்கள் மகள் வார்டை விட்டு ஒழுங்கைக்கு இறங்க விரும்பினால் அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள்.

ஈடிஸ் முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள். முட்டைகள் காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இந்த நுளம்பு வெகுதூரம் பறப்பதில்லை. என் வீட்டுத் தட்டில் பிறந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபிரிட்ஜ் தட்டும், மணி பிளான்ட் போத்தலும், மொட்டைமாடியும் என் பொறுப்பு. சென்ற மாதம் எதிர்வீட்டுச் சிங்கள மாமியும் மேல்மாடித் தமிழ் அக்காவும் சேர்ந்துகொண்டார்கள். உம்மும்மா இன்னும் கால்வாயைத் திட்டுகிறார். ஆனால் திட்டிக்கொண்டே பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்தும் வைக்கிறார்.

நோயாளியைக் காக்கும் கைகளுக்கும் ஊரைக் காக்கும் கைகளுக்கும் அல்லாஹ் பலம் தருவானாக. ஆமீன்.