கொரிய மக்களின் உணவும் உண்ணும் முறையும்

"சாப்பிட்டாயிற்றா?" வழியில் எதிர்ப்படும் ஒருவரை நாம் இப்படிக் கேட்பது வழக்கம். பதிலுக்காகக் கேட்பதில்லை, அன்பு காரணமாகக் கேட்கிறோம். சீனத்துக்கும் ஜப்பானுக்கும் இடையே அமைந்த கொரியத் தீபகற்பத்தின் மக்களும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் நலம் விசாரிக்கின்றனர். அவர்கள் மொழியில் சோற்றுக்குப் 'பாப்' என்று பெயர்; உணவு முழுவதற்கும் அதுவே பெயர். அயல்நாட்டு உணவு பற்றி எழுதப் பணிக்கப்பட்டபோது நாங்கள் கொரியாவைத் தேர்ந்தெடுக்க இந்த ஒற்றுமையே காரணம்.

முதலில் அவர்கள் உண்ணும் இடத்தைக் காண்போம். அடுப்பின் சூடு தரைக்கு அடியில் ஓடும்படி வீடு கட்டி, அந்த வெதுவெதுப்பான தரையில் அமர்ந்து, குட்டையான மேசையில் உண்பது பழைய முறை. நகரங்களில் இப்போது நாற்காலிகள் வந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் சோற்றுக் கிண்ணம், வலப்பக்கம் சூப்புக் கிண்ணம், அதன் அருகே ஒரு கரண்டியும் இரு குச்சிகளும் வைக்கப்படும். இறந்த முன்னோருக்குப் படைக்கும்போது சோறும் சூப்பும் இடம் மாறும். கரண்டியைச் சோற்றில் நட்டு வைப்பதும் அப்போதுதான். ஆகவே நாம் அங்கே விருந்துக்குப் போனால் மறந்தும் அப்படிச் செய்யக் கூடாது. சோற்றையும் சூப்பையும் கரண்டியாலும், தொடுகறிகளைக் குச்சியாலும் எடுப்பார்கள். கிண்ணத்தைக் கையில் தூக்குவது மரியாதை அன்று. குச்சிகள் உலோகத்தால் ஆனவை; மெலிந்தவை; வழுக்குபவை. நாங்கள் இரண்டு பென்சில்களால் வேர்க்கடலை எடுத்துப் பார்த்தோம். வாய்க்குச் சென்றதைவிடத் தரைக்குச் சென்றதே அதிகம்!

தொடுகறிகள் மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். அவற்றுள் ஒருநாளும் தவறாதது கிம்ச்சி. அந்நாட்டுக் குளிர்காலம் கொடியது. சியோல் நகரில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலையே சுழியத்துக்குக் கீழ்தான். பனி மூடிய நிலத்தில் கீரை ஏது, காய் ஏது? எனவே நவம்பர் இறுதியிலேயே குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதைச் செய்து வைத்துவிடுவார்கள். இதற்குக் 'கிம்ஜாங்' என்று பெயர். பெரிய குடும்பங்களில் நூறு கோசுக்கு மேல் வந்து இறங்கும். நம் ஊர் முட்டைக்கோசைப்போல் உருண்டை அல்ல, நீண்ட இலைக்கோசு. அதைப் பிளந்து, இரவு முழுதும் உப்பில் ஊறவைத்துக் கழுவி, மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கிச் சீவல், வெங்காயத்தாள், உப்பிலிட்ட சிற்றிறால் ஆகியவை கலந்த விழுதை ஒவ்வோர் இலைக்கும் இடையே தடவ வேண்டும். ஒரு பெண்ணால் முடிகிற வேலையா இது? அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று முறைவைத்துச் செய்தனர். பிறகு மண் ஜாடிகளில் அடைத்து, உறைந்துபோகாதபடி நிலத்தில் புதைப்பார்கள். உள்ளே அது மெல்லப் புளிக்கும். இன்று அடுக்குமாடி வீடுகளில் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டி உண்டு. தென் கொரியாவின் கிம்ஜாங் வழக்கத்தை 2013-லும், வட கொரியாவின் கிம்ச்சி செய்யும் மரபை 2015-லும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு சிவப்பான கிம்ச்சிக்கு மிளகாய் கொரியாவில் பிறந்ததன்று. நமக்கு வந்ததுபோலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. அதற்கு முன் கிம்ச்சி சிவப்பாக இருந்ததில்லை.

மாணவியர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு அங்கே கடற்பாசிச் சூப்புக் கொடுப்பார்கள். பிள்ளையும் தன் ஒவ்வொரு பிறந்த நாளிலும் அதையே அருந்தும். ஆனால் தேர்வு நாளில் மட்டும் அதைத் தொடமாட்டார்கள். பாசி வழுக்குமல்லவா, தேர்விலும் வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற அச்சம்! அதற்குப் பதில் 'யொத்' என்னும் ஒட்டும் மிட்டாயைத் தின்பார்கள்.

பெரியவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர் எடுப்பர். அவர் முடிக்கும் முன் எழமாட்டார்கள். இது இன்றும் உண்டு. ஆனால் பழைய பெருங்குடும்பங்களில் தாத்தாவுக்குத் தனியாக ஒரு சிறு மேசை போகும். அவர் உண்டு மீந்தது அடுத்தவர்களுக்கு இறங்கும். அதற்காகவே கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைக்கும் பெரியவர்களும் உண்டு. மருமகள் சமையலறையில் கடைசியாக உண்பாள். நூறு கோசுக்கு விழுது தடவிய கை அவளுடையதுதான். இதைப் படித்தபோது எங்களுக்கு அந்நிய நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

மிச்சம் வைக்கும் வழக்கத்தின் பின்னால் பசி இருந்தது. இலையுதிர் காலத்தில் அறுத்த நெல் வசந்தத்தில் தீர்ந்துவிடும். பார்லி முற்ற ஜூன் மாதம் ஆகும். இடைப்பட்ட வாரங்களைக் கொரியர் மலைக்கணவாய்க்கு ஒப்பிட்டுப் 'பார்லிக் கணவாய்' என்றனர். புல்லும் மரப்பட்டையும் தின்று அதைக் கடந்தவர் பலர். 1950 முதல் 1953 வரை நடந்த போர் இருந்ததையும் அழித்தது. அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து வந்த டப்பா இறைச்சியைக் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துத் தின்றனர். 'படைமுகாம் குழம்பு' என்ற பெயரில் அது இன்றும் விடுதிகளில் விரும்பி உண்ணப்படுகிறது.

1970-களில் தென் கொரியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் மதிய உணவு டப்பாக்களைத் திறந்து பார்ப்பார்களாம். அரிசியை மிச்சப்படுத்த, சோற்றில் பார்லி கலந்திருக்க வேண்டும் என்பது அரசின் ஆணை. வெள்ளைச் சோறு கொண்டுவந்த பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் பார்லி வாங்கி மேலே தூவிக்கொண்டதும் உண்டு. ஏழைப் பிள்ளையின் டப்பாவிலிருந்து பணக்காரப் பிள்ளை கடன் வாங்கிய நேரம் அது ஒன்றாகத்தான் இருக்கும்!

அதிக விளைச்சல் தரும் புதிய நெல் வந்து, 1977-இல் அந்நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. 1970-இல் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 136 கிலோ அரிசி உண்டார்; 2023-இல் சுமார் 56 கிலோ. ரொட்டியும் இறைச்சியும் வந்துவிட்டன. சியோலில் வேலை செய்யும் இளைஞர் பலர் தனியே உண்கிறார்கள். அதற்கென்றே 'ஹொன்பாப்' என்று ஒரு புதுச் சொல்லும் பிறந்துவிட்டது. வடக்கே கதை வேறு. 1990-களின் நடுவில் வட கொரியாவில் பெரும் பஞ்சம் நேர்ந்து பல லட்சம் பேர் மாண்டனர். எல்லைக்கு இருபுறமும் மொழி ஒன்றுதான். சாப்பிட்டாயிற்றா என்று தெற்கே அன்புக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வடக்கே அக்கேள்விக்குப் பலரிடம் 'இல்லை' என்பதே பதிலாக இருந்தது.