தூதன் கொடுத்த அடை

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-8



மெஃபென்டெர்மின் என்ற ஊசிமருந்தை உங்களில் சில தாய்மார் பேர் தெரியாமலே பெற்றிருப்பீர்கள். சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போடும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. அதை உயர்த்த மருத்துவர் இதைக் கொடுப்பார். இதே மருந்தைச் சில ஆண்டுகளாக நம் நாட்டு வாலிபர் சிலர் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கித் தாங்களே நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் கூடுதல் எடை தூக்க ஒருவன், இரவில் கண்விழிக்க ஒருவன், வெறும் போதைக்கு ஒருவன். கஞ்சா என்றால் பதறும் பெற்றோர், மருந்துக்கடைக் குப்பி என்றால் "மருந்துதானே" என்று விட்டுவிடுகிறார்கள்!

இது புதுப்பெலன் தருவதில்லை. இருதயத்தை விரட்டி, பசியையும் தூக்கத்தையும் மறைக்கிறது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து பெருகினால் பரிசல் இயக்கத் தடை விதிப்பார்கள். சோர்வும் சரீரம் விதிக்கும் தடைதான். ஊசி அந்தத் தடையை நீக்குகிறது. வெள்ளம் அப்படியே இருக்கிறது. நாள்பட்டால் படபடப்பு, உறக்கமின்மை, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற வீண்சந்தேகம். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி. பரவும் அபாயமும் உண்டு.

எலியா சூரைச்செடியின்கீழ் சாக விரும்பினான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 40 நாள் பயணம் அதன் பிறகுதான். நம் வீடுகளிலும் சபைகளிலும் பிள்ளைகளிடம் பயணத்தைப் பற்றியே பேசுகிறோம்: மதிப்பெண், வேலை, சம்பளம். "தூங்கினாயா, சாப்பிட்டாயா" என்று கேட்பவர் குறைவு.

கவனக்குறைபாட்டுக்காக மெதில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதை வாசித்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில் அது நன்மையே. சட்டத்தில் அது எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளில் வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடையில் இவ்வளவு காவல் இருக்க, வீட்டில் திறந்த அலமாரியில் கிடக்கலாமா? எண்ணிப் பூட்டி வையுங்கள். பரீட்சை வருகிறதென்று அண்ணனுக்கு ஒன்று கொடுக்க வேண்டாம்.

மகனின் கையில் ஊசித்தழும்பு கண்டால் அடித்து விரட்டாதீர்கள். 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லலாம். போகும்போது அந்தக் குப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள்; எந்த மருந்து என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.